யாருடைய கையை வலுப்படுத்துகிறோம்?



மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் அரசியல், பொருளாதார, சமூகச் சீர்திருத்தங்களுக்குப் பன்னாட்டு ஒத்துழைப்பு எந்த அளவுக்குத் துணைநின்றது என்பதை ஆராயக் கூடியிருக்கிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை கோடி டாலர் வந்தது என்று கணக்கிடுவதற்கு முன், அந்த உதவி நாட்டுக்குள் யாருடைய கையை வலுப்படுத்தியது என்று கேட்க வேண்டும்.

2002-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் அரபு மனித வளர்ச்சி அறிக்கையை வெளியிட்டது. எழுதியவர்கள் அரபு அறிஞர்கள். சுதந்திரம், அறிவு, பெண்களுக்கான வாய்ப்பு ஆகிய மூன்றிலும் தம் சமூகங்கள் பின்தங்கியிருப்பதை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஈராக் போருக்குப் பின் அமெரிக்கா வகுத்த சீர்திருத்தத் திட்டம் அதே அறிக்கையைத் தனக்கு ஆதாரமாக்கிக்கொண்டது. 2004 பிப்ரவரியில் அந்த வரைவு அல்-ஹயாத் நாளிதழில் வெளியானதும், வெளியார் திணிக்கும் மாற்றம் வேண்டாமென்று எகிப்தும் சவுதி அரேபியாவும் மறுத்தன. ஜூனில் சீ ஐலண்டில் கூடிய ஜி-8 உச்சிமாநாடு திட்டத்தை மென்மையாக்கி ஏற்றது. அரசுகளும் குடிமக்கள் அமைப்புகளும் ஆண்டுதோறும் கூடிப் பேச ஒரு மன்றம் பிறந்தது. அதன் முதல் கூட்டம் டிசம்பரில் மொரோக்கோவின் ரபாத்தில் நடந்தது.

அடுத்த ஆண்டு நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில் கூடியபோதுதான் உண்மையான சிக்கல் வெளியே வந்தது. எந்தத் தன்னார்வ அமைப்புகளுக்கு உதவி போகலாம் என்ற கேள்வி எழுந்தது. அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றவற்றுக்கு மட்டும் என்று பிரகடனத்தில் எழுத வேண்டுமென எகிப்து வற்புறுத்தியது. பதிவு தருவதும் மறுப்பதும் அரசு அல்லவா? அரசைத் தட்டிக்கேட்கும் அமைப்புக்கு அரசின் ஒப்புதலோடுதான் உதவி என்றால் அதில் என்ன பயன்? கூட்டுப் பிரகடனம் இல்லாமலேயே கூட்டம் கலைந்தது. அதைத் தோல்வி என்பார்கள். பொய்யான உடன்பாட்டைவிட அந்தப் பிணக்கு மேலானது என்பேன்.

மக்கள் எழுச்சிக்குப் பின் மக்களாட்சிக்கு மாற முயன்ற துனிசியாவை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 2013-இல் ஷுக்ரி பெலாய்த், முகமது பிராஹ்மி என்ற இரு எதிர்க்கட்சித் தலைவர்கள் ஆறு மாத இடைவெளியில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அரசியல் நிர்ணய சபை முடங்கியது. எகிப்தைப் போல நாடு ராணுவத்தின் கைக்குப் போய்விடும் என்றே பலர் அஞ்சினார்கள். அப்போது பொதுத் தொழிலாளர் சங்கம், தொழில் முனைவோர் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து கட்சிகளைப் பேச வைத்தன. தொழிலாளியும் முதலாளியும் ஒரே பக்கம் நின்ற அரிய நிகழ்ச்சி அது. 2014 ஜனவரியில் புதிய அரசியலமைப்பு நிறைவேறியது. மறு ஆண்டு அந்த நால்வர் அணிக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தொழிலாளர் சங்கம் 1946-இல் தோன்றியது. அதை எந்த உதவித் திட்டமும் உருவாக்கவில்லை.

பிறகு நடந்தது வருத்தத்துக்குரியது. 2016-இல் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 290 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டு, அரசின் சம்பளச் செலவைக் கட்டுப்படுத்தச் சொன்னது. நோபல் பரிசில் பங்குபெற்ற சங்கமே 2019 ஜனவரியில் அரசு ஊழியர்களை வேலைநிறுத்தத்தில் இறக்க வேண்டியதாயிற்று. 2021-இல் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது, வாக்குரிமை வந்தும் வயிறு நிறையாத மக்களில் பலர் தெருவில் கொண்டாடினார்கள். 2023 ஜூலையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிலிருந்த வேளையில், குடியேறிகளின் படகுகளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் அதே அதிபரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. எல்லைக் காவலுக்கு 10.5 கோடி யூரோ ஒதுக்கியது. சீர்திருத்தம் என்று ஆண்டுக்கணக்கில் பேசியவர்கள், தம் நலன் குறுக்கிட்டதும் யார் பக்கம் போய் நின்றார்கள் என்பதை வரலாறு எழுதுவோர் விட்டுவிடக் கூடாது.

நம் குடும்பங்களைத் தொடும் சான்று ஒன்றும் உண்டு. 2014-இல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டின் தொழிலாளர் பிரதிநிதிகள், வெளிநாட்டுத் தொழிலாளர்களை நடத்தும் விதம் குறித்துக் கத்தார்மீது புகார் கொடுத்தார்கள். கத்தாரில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக் கால்பந்து நெருங்க நெருங்க உலகின் பார்வையும் அங்கே குவிந்தது. 2018-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தோஹாவில் அலுவலகம் திறந்தது. 2020-இல், கஃபீல் எனப்படும் முதலாளியிடம் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்காமலேயே வேலை மாற வழி பிறந்தது. 2021 மார்ச்சிலிருந்து எந்த நாட்டவருக்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் என்றானது. சம்பள பாக்கி தீரவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையும் வரவில்லை. என்றாலும், புகார் கொடுத்தவர்கள் பின்வாங்காமல் நின்றதும், அமைப்பு அங்கேயே தங்கி வேலை பார்த்ததும் பலன் தந்தன.

கட்டுரை வாசிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். உடன்படிக்கை கையெழுத்தான நாளோடு உங்கள் ஆய்வை நிறுத்தாதீர்கள். அதன்பின் அந்நாட்டின் சங்கங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் என்ன நேர்ந்தது என்று பின்தொடருங்கள். வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்கள் இராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள்; அவர்கள் சொல்வதையும் ஆவணமாகப் பதிவு செய்யுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.