பாஸ்திச்சோ: ஒரு சொல்லின் ருசி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நாலு வார்த்தை பேசுங்க"ன்னு செயலாளர் கேட்டார். நான் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். இத்தாலிய வார்த்தை: பாஸ்திச்சோ.

வெனிஸ் நகரம் இருக்கும் வெனட்டோ பகுதியில் பாஸ்திச்சோ கேட்டால், மெல்லிய மாவுத் தகடுகளை அடுக்கி, நடுநடுவே கொத்துக்கறியும் சீஸும் பரப்பி, அடுப்பில் வேகவைத்துக் கொண்டு வருவார்கள். மற்ற ஊர்களில் அது லசான்யா. சற்றுத் தெற்கே ஃபெர்ராராவில் அதே பெயரில் வேறு பண்டம். இனிப்பு மாவு ஓட்டுக்குள்ளே மக்கரோனி, கறி, காளான்! முகம் சுளிக்காதீங்க, அங்கே அது விருந்துச் சாப்பாடு. சாதாரணப் பேச்சில் இந்தச் சொல்லுக்குக் 'குளறுபடி' என்றும் பொருள்.

ஓவியர்கள் இந்தச் சொல்லை இரவல் வாங்கினார்கள். ஒருவர் படத்தை அப்படியே பார்த்து வரைந்தால் அது நகல். அவருடைய வண்ணத்தையும் கைப்போக்கையும் எடுத்துக்கொண்டு, அவர் வரையாத படத்தை வரைந்தால் பாஸ்திச்சோ. 17-ஆம் நூற்றாண்டில் ரோஜே த பீல் என்ற பிரெஞ்சு விமர்சகர் இதற்குச் சமையலையே உவமை சொன்னார்: பல சரக்கு சேர்ந்து ஒரே ருசி ஆவதுபோல, பல பொய் சேர்ந்து ஒரு மெய்யாகத் தெரிகிறதாம்.

இசைக்காரர்களுக்கு இதில் கூச்சமே கிடையாது. 1721-ல் லண்டனில் 'மூட்சியோ ஷேவோலா' என்ற ஓபராவின் மூன்று அங்கங்களுக்கு அமதேய், போனோன்சினி, ஹேண்டல் என்று மூன்று பேர் இசையமைத்தார்கள்.

மாணவர்களே, "யாரையும் பார்த்துச் செய்யாதே" என்பதை நான் முழுசா ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்த்துச் செய்யாமல் கை பழகாது. பெயரை மாற்றி விற்கும்போதுதான் வம்பு. இளைஞர் மைக்கேலாஞ்சலோ, தூங்கும் க்யூபிட் சிலை ஒன்றைச் செதுக்கிப் பழசு போலத் தோன்றச் செய்தார். 1496 வாக்கில் ரோமில் ஒரு தரகர் அதைப் பழங்காலச் சிலை என்றே கார்டினல் ரியாரியோ தலையில் கட்டினார். விஷயம் வெளிவந்ததும் கார்டினல் சிலையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் செதுக்கிய பையனை விடவில்லை, ரோமுக்கு வரவழைத்தார்!

சில வருடங்களில் அதே ரோமில் மைக்கேலாஞ்சலோ 'பியெத்தா'வை முடித்தார். தன் பெயரை அவர் பொறித்த ஒரே சிலை அதுதான்.