எப்படிப் புதைத்தீர்கள்?



அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள்; அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறிப் போனார்கள். இந்தக் கணக்கு எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஊர்க் கிழவர்கள் சொன்னது என்ன? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

அங்கே நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்று 1935-இல் அமைந்தது. 1937 முதல் பள்ளிப் பிள்ளைகள் நோட்டும் கையுமாகப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதினார்கள். பஞ்சத்தின் நூற்றாண்டான 1945-இல் அதைப் பற்றி மட்டும் தனியாகக் கேள்விகள் போயின. வந்த பதில்களில் பசியோடு சேர்த்துப் பேசப்பட்டது, பிணங்களின் அடக்கம்.

பஞ்சத்துக்கு முன்பு அங்கே சாவு வீட்டில் கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியை மூடுவார்கள். ஊரே கூடி இரவெல்லாம் விழித்திருக்கும். வந்தவர்களுக்குக் களிமண் குழாயில் புகையிலை. பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள்.

பஞ்சம் இதையெல்லாம் துடைத்துப் போட்டது. அடிப்பலகையில் கீல் வைத்த சவப்பெட்டி வந்தது. குழிக்கு மேலே பிடித்துக் கொக்கியை நீக்கினால் பிணம் கீழே விழும். பெட்டி அடுத்த பிணத்துக்குத் திரும்பிவிடும். ஸ்கிபரீன் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானோர் பொதுக்குழியில் போனார்கள். சில வீடுகளில் கடைசி ஆள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாராம். அக்கம்பக்கத்தார் குடிசையை மேலே சரித்து, அதையே சமாதியாக்கினார்கள்.

பட்டினியால் ஒருவர் விழுந்த இடத்தில் பசிப்புல் முளைக்கும், மிதித்தவருக்குத் தாளாத பசி வரும் என்பார்கள். வெளியே போகிறவர் பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள்வார். மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடையாளம் வைக்க ஆளில்லாத சாவுக்கு ஊர் வைத்த அடையாளம் அது!

லண்டன் கருவூலத்திலிருந்து அயர்லாந்தின் பஞ்ச நிவாரணத்தை நடத்தி, செலவில் கறார் காட்டிய சார்லஸ் டிரெவெல்யன், 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர். அவரைப் போன்றவர்களின் கோப்புகளில் சாவு ஒரு எண். ஊர் நினைவிலோ அது செய்யாமல் விட்ட கடன்.

ஆகவே நண்பர்களே, எந்த நாட்டுப் பஞ்ச அறிக்கையைப் புரட்டினாலும் எத்தனை மூட்டை கொடுத்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படிப் புதைத்தீர்கள் என்றும் கேளுங்கள்!