வீட்டுக் கணக்கும் நம் கடமையும்
(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விக் கழக மேடையில் வீட்டைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். படிக்கும் பிள்ளைக்குப் புத்தகம் வேண்டும். அப்புத்தகம் நனையாதிருக்க ஒழுகாத கூரையும் வேண்டும். அக்கூரை யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை இன்று பெரும்பாலும் அரசின் புள்ளிவிவரங்களே தீர்மானிக்கின்றன. ஆதலின் இதுவும் நாம் கற்க வேண்டிய பாடமே.

எண்ணிக்கையின் ஆற்றலை நமக்கு முதலில் உணர்த்தியவர் அண்ணல் அம்பேத்கர். 1932 ஆம் ஆண்டு லோதியன் குழு வாக்குரிமை பற்றி ஆராய்ந்தபோது, தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்பதே பெரும் வழக்காயிற்று. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினால் உரிமையையும் குறைத்துவிடலாம் என்பதை அக்குழுவின் உறுப்பினராக இருந்த அவர் கண்டுகொண்டு, விடாது வாதிட்டார். அவ்வழக்கு இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

அரசு இரண்டு வகையாக எண்ணுகிறது. ஒன்று, பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கப்படும் மக்கள் தொகைக் கணக்கு. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதில் தனி மனிதர் தரும் விவரம் கமுக்கமானது. எத்தனை வீடுகள், எவ்வகைக் கூரைகள் என்ற தொகையை மட்டுமே அது காட்டும். மற்றொன்று, 2011 ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு. இது இன்ன குடும்பம் என்று பெயரோடு காட்டியது. 2016 இல் தொடங்கிய பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம் பயனாளிகளை இப்பட்டியலிலிருந்தே எடுத்தது. வீடற்றோர் முதலில், பிறகு மண் சுவரும் கீற்றுக் கூரையும் போன்ற நிலையற்ற வீடுகளில் வாழ்வோர் என்று வரிசை வகுத்தார்கள். இலக்கில் 60 விழுக்காடு தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் என்று ஒதுக்கினார்கள். ஆள் பார்த்து எழுதிய பழைய பட்டியல்களைவிட இது மேலான முறை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் அன்றோ ஒதுக்கீடு பயன்படும்?

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். 2010 ஆம் ஆண்டு வீட்டுப் பட்டியல் எடுக்க அனுப்பப்பட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். நம் தெருவில் ஒரு மூதாட்டியின் வீட்டு வாயிலில் நின்றோம். அது அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடு. தாழ்த்தப்பட்டோருக்கும் கொத்தடிமையிலிருந்து மீண்டோருக்கும் என்று 1985 இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் காலத்தது. ஓர் அறை, ஒரு திண்ணை. கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தது. “வீட்டின் நிலை எப்படி அம்மா?” என்று கேட்டோம். “சர்க்கார் கொடுத்த வீடு, நல்லாத்தான் இருக்குது சார்” என்றார் அவர். ‘நன்று’ என்று எழுதினோம்.

அடுத்த கேள்வி குடும்பங்களின் எண்ணிக்கை. ஒரே சமையலில் உண்போர் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பின் விதி. வீட்டின் பின்புறம் கீற்றுக் கொட்டகை ஒன்றில் இளைய மகன் மனைவி மக்களோடு இருந்தான். அங்கே தனி அடுப்பு எரிந்தது. “அடுப்பு ஒன்றுதானே அம்மா?” என்றோம். பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள் என்று அயலார் முன் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “ஒண்ணுதான்” என்றார். புகையைக் கண்ணால் கண்டும் ‘ஒரு குடும்பம்’ என்று எழுதினோம். அந்தி நெருங்கிவிட்டது; இன்னும் பல வீடுகள் மீதி இருந்தன. இதைக் காரணமாகச் சொல்லலாம். நியாயமாகச் சொல்ல முடியாது.

பின்னர் வந்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலும், வேறொருவர் கேட்க, அதே விடைகளே பதிவாயின. கூரை கான்கிரீட், குடும்பம் ஒன்று. வீட்டுப் பட்டியல் கிராம சபையில் படிக்கப்பட்டபோது அவ்வீட்டுப் பெயர் அதில் இல்லை. இளைய மகன் எழுந்து கேட்டான். பட்டியலிலிருந்து தகுதியற்றோரை நீக்கலாமே ஒழிய, புதிதாகச் சேர்க்க இயலாது என்று விடை வந்தது. அக்கூட்டத்தில் தலை நிமிர்ந்து அமர எம்மால் இயலவில்லை.

இது ஒரு தெருவின் கதை மட்டுமன்று. நாட்டளவிலும் கேள்வியை எப்படிக் கேட்கிறோமோ அப்படியே விடை வருகிறது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 53 விழுக்காடு வீடுகள் ‘நன்று’ என்று பதிவாயின; அவை குடியிருப்போர் வாய்மொழியாகச் சொன்ன விடைகள். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் இருந்தால் அது ஓர் அறை. அவ்வறையில் எத்தனை பேர் முடங்கிப் படுக்கிறார்கள் என்பதைத் தனியே கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். 2012 இல் நடுவண் அரசின் வல்லுநர் குழு அவ்வாறு கணக்கிட்டது. நகர்ப்புறங்களில் 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் வீடுகள் குறைவு என்றது. அதில் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் நெருக்கடியால் நேர்ந்த குறைவு. வீடே இல்லாதோரின் பங்கு 5 லட்சத்தைச் சற்றே கடந்தது. நெருக்கடியை எண்ணாது விட்டிருந்தால் குறைவில் ஐந்தில் நான்கு பங்கு மறைந்து போயிருக்கும். அதே காலத்தில் நகரங்களில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன என்பதையும் கணக்கெடுப்பே காட்டிற்று. ஆகவே வீடு கட்டுவது மட்டுமே கொள்கையாகாது, எவர்க்குக் கட்டுகிறோம் என்பதே கொள்கை என்பது அவ்வெண்களால் விளங்குகிறது.

விதிகளும் அவ்வாறே. வேலைக்குச் செல்லப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியதற்காகவே வீடு மறுக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. அவ்விதி 2024 இல்தான் நீக்கப்பட்டது. விடாது சுட்டிக்காட்டினால் விதியும் வளையும் என்பதற்கு இது சான்று.

நம் கழகம் செய்ததை இங்கே பதிவு செய்தல் முறை. கோடை விடுமுறையில் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் கொண்டு தெருத் தெருவாகச் சென்றார்கள். கூரையை ஏறிட்டுப் பார்த்தார்கள், அடுப்பை எண்ணினார்கள், வரைபடம் வரைந்தார்கள். அதனைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுதச் செய்தோம். விடுபட்டோருக்கென 2018 இல் புதிய கணக்கெடுப்பு தொடங்கியபோது அந்நோட்டுப் புத்தகங்களே துணை நின்றன. இளைய மகன் பெயர் ஏறிற்று. மூதாட்டி அதைக் காண உயிரோடு இல்லை. 2001 க்கு முன் அரசு கட்டித் தந்த ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தை மாநில அரசு 2024 இல் அறிவித்தது. அவர் வீட்டுக் கூரைக்கு அது வேண்டியிருந்தது பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு.

2021 இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. வீட்டுப் பட்டியல் 2026 இல், தலைக்கணக்கு 2027 இல் என்றும், சாதியும் கேட்கப்படும் என்றும் 2025 இல் அறிவிக்கப்பட்டது. தாய்மார்களே, எவர் கணக்கெடுக்க வந்தாலும் அடுப்பு இரண்டென்றால் இரண்டென்றே சொல்லுங்கள். அதில் மானக்கேடு இல்லை. கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்று சொல்லுங்கள். அது நன்றி மறத்தல் ஆகாது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேளுங்கள். ஆசிரியத் தோழர்களே, வாசலில் நின்று எழுதாதீர்கள். உள்ளே சென்று பாருங்கள். மாணவச் செல்வங்களே, பட்டியலைப் படிக்கவும் பிழையைக் கண்டு மனு எழுதவும் பயன்படாத கல்வி நம் தெருவுக்குப் போதாது.

அம்மூதாட்டியின் வாயிலில் நாம் எழுதிய ஒரு சொல்லை அழிக்கப் பல ஆண்டுகள் ஆயின. இனியொரு வீட்டில் அவ்வாறு நேராதிருக்க இக்கழகம் காவல் நிற்கட்டும்.