மல்வத்து ஓயாவின் கற்பாலங்கள்: ஒரு பண்டைப் பெருவழியின் ஆற்றுக்கடவை

இலங்கையின் இரண்டாவது நீண்ட ஆறான மல்வத்து ஓயா 164 கிலோமீற்றர் ஓடுகிறது. அநுராதபுரத்தின் கிழக்குப் புறமாக வடக்கு நோக்கிச் சென்று, தமிழர் வழக்கில் அருவி ஆறு என்ற பெயரோடு மன்னாருக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. பழைய தலைநகரான அநுராதபுரம் இடது கரையில் அமைந்தது. தலைநகரோடு நாளும் தொடர்புடைய மிகிந்தலை, கீழைக் கரையின் துறையான திருகோணமலை, யாழ்ப்பாணத்துச் சம்பில்துறை என அடையாளங்காணப்படும் சம்புகோளம், பெருந்துறைமுகமான மாந்தை ஆகிய யாவும் ஆற்றுக்கு அப்பால் இருந்தன. ஆகவே தலைநகரின் முதன்மையான வழிகள் பலவும் ஏதாவதோர் இடத்தில் இந்த ஆற்றைக் கடந்தே தீர வேண்டும். அந்த இடங்களைக் கண்டுபிடித்தால் பெருவழிகளின் போக்கும் தெளிவாகும்.

வறண்ட மாதங்களில் கடப்பது பெரும்பாடல்ல. வண்டி மணலில் இறங்கி மறுகரை ஏறிவிடும். வடகீழ்ப் பருவமழையில் அதே ஆறு கரைபுரண்டு வழியை மறித்துவிடும். யாத்திரையும் அரசாணையும் மழைக்காகக் காத்திருக்க இயலாத இடங்களில்தான் கல்லில் பாலம் அமைக்கும் செலவு ஏற்கப்பட்டது.

அந்தக் கற்பாலங்களின் எச்சங்கள் அநுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் உள்ளன. மகாகனதராவைக் குளத்துக்குக் கீழேயும் ஒரு கற்பாலம் இருக்கிறது. அது திருகோணமலைப் பக்கம் சென்ற வழியைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. இப்பாலங்களின் கட்டுமுறை எளியது. ஆற்றுப்படுகையில் கற்றூண்களை வரிசையாக நட்டு, ஒவ்வொரு வரிசையின் தலையிலும் குறுக்குக்கல் ஏற்றி, வரிசைக்கு வரிசை நீண்ட கற்பலகைகளைப் பக்கம் பக்கமாகப் பரப்பியிருக்கிறார்கள். வளைவு இல்லை. கல்லின் எடையே கட்டைப் பிடித்து நிறுத்துகிறது. இடைவெளியின் அகலத்தைக் கற்பலகையின் நீளமே தீர்மானித்ததால் தூண்கள் நெருக்கமாக நின்றன. வெள்ளத்தில் வரும் மரங்கள் அங்கே சிக்கி, மேற்கற்கள் புரண்டு விழ இதுவே வழிசெய்திருக்கும். நிற்கும் தூண்களை அளப்பதோடு ஆய்வு முடிந்துவிடக் கூடாது. ஆற்றோட்டத்தின் கீழ்ப்புறம் மணலுக்குள் கிடக்கும் கற்களும் அதே பாலத்தின் உறுப்புகள்தான்.

கடினமான கேள்வி காலம் பற்றியது. தூணைப் பார்த்து அதன் நூற்றாண்டைச் சொல்ல முடியாது. கல்லைப் பிளக்க வரிசையாகத் துளையிட்டு ஆப்பு இறக்கும் முறை பல நூற்றாண்டுகள் மாறாமல் இருந்தது. எனவே பாலத்தின் வயதை வழியிடம்தான் கேட்க வேண்டும். மிகிந்தலையின் வழிபாட்டு வரலாறு கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் படையெடுப்போடு அநுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழக்கிறது. நகரின் தேவைக்காகவே எழுந்த பாலம் இந்த நீண்ட இடைவெளிக்குள் அடங்கும். அதற்குமேல் காலத்தைக் குறுக்க, கரையில் பாலத்தை அணுகும் மண்மேட்டைக் குறுக்காக வெட்டி, அடுக்குகளில் கிடைக்கும் ஓடுகளையும் கரியையும் ஆராய வேண்டும்.

உரோமப் பாலங்கள் இவ்வகையில் அதிர்ஷ்டம் பெற்றவை. ஜெர்மனியின் திரியர் நகரில் மோசல் ஆற்றுக்குள் அடிக்கப்பட்ட ஓக் மரமுளைகள் நீருக்குள் அழியாமல் இருந்தன. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணியதில் முந்தைய பாலம் ஒன்று கி.பி. 71க்கும், அடுத்து வந்த கற்றூண் பாலம் 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் உரியவை எனத் தெரிந்தது. அந்தத் தூண்கள்மீது இன்றும் வாகனங்கள் செல்கின்றன. இங்கிலாந்தின் பியர்ஸ்பிரிட்ஜ் வேறொரு பாடம் தருகிறது. அங்கு 1972இல் சரளைக்கல் அகழ்ந்தபோது உரோமப் பாலத்தின் கற்கள் வெளிப்பட்டன. ஆறு வடக்கே நகர்ந்துவிட்டதால் அவை இப்போது ஆற்றிலிருந்து ஏறத்தாழ 90 மீற்றர் தள்ளி வயலில் கிடக்கின்றன. பழைய வழி இருந்த இடத்தில் ஆற்றுப்படுகையிலிருந்து முக்குளிப்போர் ஆயிரத்துக்கு மேற்பட்ட உரோம நாணயங்களை எடுத்தனர். கடப்போர் நேர்ந்து இட்ட காணிக்கைகளாக அவை இருக்கலாம்.

பியர்ஸ்பிரிட்ஜின் கற்கள் பாலமல்ல, அணை என்று வாதிட்டவர்களும் உண்டு. பெரும்பாலான ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. குளமும் வாய்க்காலும் நிறைந்த இலங்கையில் இந்த ஐயத்துக்கு இன்னும் அதிக இடமுண்டு. அருவி ஆற்றின் குறுக்கே தேக்கம் என்ற இடத்திலுள்ள பழைய கற்கட்டு பாலமல்ல. கட்டுக்கரைக் குளத்துக்கு நீரைத் திருப்பிய அணை. நீரை மறிக்கும் கட்டில் கற்கள் இறுகச் சேர்ந்திருக்கும். வழிவிடும் கட்டில் தூண்களிடையே திறப்பு இருக்கும், இரு கரைகளிலும் பாதையின் தடம் தொடரும். ஆற்றில் கல்லைக் கண்டதும் பாலம் என்று எழுதிவிடுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கல் இல்லாத கடவைகளே எண்ணிக்கையில் அதிகம். பதுளைக்கு அருகே போகொடையில் கூரையுள்ள பழைய மரப்பாலம் தப்பி நிற்கிறது. அது அரிய விதிவிலக்கு. பேராதனையில் முதிரை மரத்தில் 205 அடி ஒற்றை வளைவாக எழுந்த பாலம் 1905இல் கழற்றப்பட்டது. கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு அடுத்த கிராண்ட்பாஸில் 1822 முதல் களனி கங்கையைப் படகுப் பாலம் கடந்தது; 1895இல் விக்டோரியா பாலம் அதன் இடத்தைப் பெற்றது. படகுகள் அகன்ற பின் எஞ்சியது ஆற்றங்கரை நோக்கி நேராகச் செல்லும் தெருக்களின் போக்கு மட்டுமே. எழுத்து ஆவணம் இல்லாத காலத்தில் இத்தகைய தெருப்போக்கே கடவைக்குச் சாட்சி. மல்வத்து ஓயாவில் தூண்கள் இல்லாத பகுதிகளிலும் இந்த முறையில் தேடலாம்: இரு கரைகளிலும் எதிரெதிரே வந்து முடியும் பாதைத் தடங்கள், கரையில் வண்டி இறங்கிய வெட்டு, அருகே ஓடு சிதறிய மேடு. மணல் அகழும் இயந்திரம் படுகைக்குள் இறங்குவதற்கு முன்பே இவை அளந்து பதிவு செய்யப்பட வேண்டும். அகழ்ந்த பின் விழுந்த கல் எந்தத் தூணுக்கு உரியது என்பதைக் காட்டும் அடுக்கு இருக்காது.