ஒரே நூலகம், பல வகைகள்



பால்மரத்திலிருந்து மங்கில் வடிவது ஒரே பால்தான். ஆனால் அது ஆலையை விட்டு வெளியேறும்போது ஒரே சரக்காக வெளியேறுவதில்லை. கையுறை செய்பவருக்குச் செறிவூட்டிய பாலாகவும், டயர் செய்பவருக்கு அச்சில் அழுத்திய கட்டியாகவும் போகிறது. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். 1965-ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். என்னும் மலேசியத் தரநிலை ரப்பர் முறை வந்தபின், ஆய்வுக்கூடத்தில் சோதித்து, தரத்தை 33.3 கிலோகிராம் எடையுள்ள ஒவ்வொரு கட்டியின் உறையிலும் குறிக்கத் தொடங்கினார்கள். எங்கோ தொலைவில் வாங்குகிறவர் தோட்டத்தைக் கண்டதில்லை, மரத்தையும் கண்டதில்லை. அந்தக் குறியை நம்பித்தான் வாங்குகிறார். குறி தவறினால் நட்டம் அவருக்கு.

கைத்தொலைபேசிக்குள் இருக்கும் மென்பொருளிலும் இதே காரியம் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், பிள்ளைகளையும் அருகில் உட்காரவைத்துக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

நாம் வங்கிக் கணக்கைப் பார்க்கவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் பயன்படும் செயலி முழுவதையும் ஒருவரே உட்கார்ந்து எழுதுவதில்லை. படத்தைத் திரையில் காட்ட ஒரு தொகுப்பு, இணையத்தோடு பேச ஒரு தொகுப்பு என்று, பிறர் முன்பே எழுதிவைத்த பகுதிகளை எடுத்துச் சேர்க்கிறார்கள். இத்தகைய தொகுப்பை மென்பொருள் நூலகம் என்கிறோம். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளுக்கான நூலகம் பெரும்பாலும் ஏ.ஏ.ஆர். என்னும் கோப்பாகக் கட்டப்படுகிறது.

இந்த நூலகங்களை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கும் இடத்துக்குக் களஞ்சியம் என்று பெயர். மேவன் சென்ட்ரல் என்பது அவற்றுள் பெரிய ஒன்று. கூகுள் நிறுவனத்துக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. அங்கே ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரியில் மூன்று பகுதிகள்: வெளியிடும் குழுவின் பெயர், நூலகத்தின் பெயர், பதிப்பு எண். செயலி எழுதுகிறவர் இந்த முகவரியைத் தம் திட்டத்தில் எழுதிவைத்தால் போதும். கிரேடல் என்னும் தொகுப்புக் கருவி களஞ்சியத்துக்குப் போய், கேட்டதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

அப்படியானால் ஒரு நூலகத்தை ஒரே வகையாக வெளியிட்டால் போதாதா என்று கேட்கலாம். பல வேளைகளில் போதும். ஆனால் சில வேளைகளில் போதாது. செயலியை எழுதிக்கொண்டிருக்கும்போது, உள்ளே நடப்பதையெல்லாம் பதிவு செய்து காட்டும் சோதனை வகை தேவைப்படும். மக்கள் கைக்குப் போகும்போது, அந்தப் பதிவுகள் நீங்கிய, எடை குறைந்த வெளியீட்டு வகைதான் போகவேண்டும். சோதனை வகை தவறிப்போய் மக்கள் கைக்குப் போய்விட்டால், செயலியின் வேகம் குறையலாம். வெளியே தெரியக்கூடாத விவரங்கள் பதிவுகளில் தங்கிவிடவும் கூடும். அன்றியும், கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றின் சில்லு 32 பிட். சிலவற்றினுடையது 64 பிட். சிலவற்றில் ஆண்ட்ராய்டு பழையது, சிலவற்றில் புதியது.

இனி, பல வகைகளை எப்படி வெளியிடுவது என்பதுதான் கேள்வி. இதற்குப் பழைய வழி ஒன்றும் புதிய வழி ஒன்றும் உண்டு.

பழைய வழி, வகையின் பெயரை முகவரியிலேயே ஒட்டிவிடுவது. இதற்குக் கூகுள் வெளியிடும் குவாவா என்னும் நூலகம் நல்ல எடுத்துக்காட்டு. 2017-ஆம் ஆண்டு முதல் குவாவா இரண்டு வகைகளாக வருகிறது. ஒன்று பெரிய கணினிகளில் ஓடும் ஜாவாவுக்கு, மற்றொன்று ஆண்ட்ராய்டுக்கு. பதிப்பு எண்ணின் வாலில் முன்னதற்கு ஜேஆர்ஈ என்றும், பின்னதற்கு ஆண்ட்ராய்டு என்றும் ஒட்டினார்கள். பார்ப்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒரு செயலிக்குள் பல நூலகங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றுள் ஒன்று 30.1-ஆண்ட்ராய்டு வேண்டும் என்கிறது, மற்றொன்று 31.1-ஜேஆர்ஈ வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. கிரேடல் கருவி எண்ணைப் பார்க்கிறது. பெரிய எண் எதுவோ அதை எடுத்துக்கொள்கிறது. எண் ஒன்றாகவே இருந்தாலும், எழுத்து வரிசையில் பிந்திவரும் ஜேஆர்ஈயே வெல்கிறது. வால் என்பது வகையைக் குறிக்கிறது என்று கருவிக்கு யாரும் சொல்லவில்லையே!

விளைவு என்ன? பெரிய கணினிக்கான வகை கைத்தொலைபேசிச் செயலிக்குள் புகுந்துவிடுகிறது. அந்த வகை எதிர்பார்க்கும் ஜாவா வசதிகள் சில, 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-க்கு முந்திய கைத்தொலைபேசிகளில் கிடையா. செயலி அந்த இடத்துக்கு வரும்போது பட்டென்று நின்றுபோகக்கூடும். எழுதியவரின் புதிய கைத்தொலைபேசியில் ஒரு குறையும் தெரியாது. அண்ணன் பயன்படுத்திவிட்டுத் தம்பிக்குக் கொடுத்த பழைய கைத்தொலைபேசியில்தான் அது நிற்கும். தவறான குறியின் சுமை, அதை எழுதியவர்மீது விழாமல், கடைசியில் வாங்குகிறவர்மீது விழுகிறது.

புதிய வழி இதைத் திருத்துகிறது. முகவரி ஒன்றே. அதனுடன் ஒரு விவரப் பட்டியல் வைக்கப்படுகிறது. ‘இதில் இத்தனை வகைகள் உண்டு, இது ஆண்ட்ராய்டுக்கு, இது கணினிக்கு, இது சோதனைக்கு, இது வெளியீட்டுக்கு’ என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். கிரேடல் கருவி, கேட்கும் செயலியின் தேவையைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் வகையைத் தானே எடுத்துக்கொள்ளும். 2019-இல் வந்த கிரேடல் 6.0 முதல், நூலகத்தை வெளியிடும்போதே இந்தப் பட்டியலும் வழக்கமாகச் சேர்ந்து வெளியாகிறது. குவாவாவும் 2023-இல் 32.1.0 பதிப்பிலிருந்து இதைச் சேர்த்துக்கொண்டது. ஆண்ட்ராய்டுக்கான கிரேடல் இணைப்பில், 2022-இல் வந்த 7.1 பதிப்பு முதல், ‘ஒரு வகையை மட்டும் வெளியிடு’ என்றோ, ‘பல வகைகளைச் சேர்த்து வெளியிடு’ என்றோ நேரடியாகவே எழுதலாம்.

இதிலும் ஒரு கவனம் தேவை. மேவன் என்னும் பழைய தொகுப்புக் கருவி இந்தப் பட்டியலைப் படிப்பதில்லை. அதைப் பயன்படுத்துகிறவர் இன்றும் வாலைப் பார்த்துத் தாமே தேர்ந்தெடுக்கவேண்டும். ஆகவேதான், பட்டியல் வந்தபின்னும் குவாவா தன் வால்களை எடுத்துவிடவில்லை. புதிய கருவி வைத்திருப்பவருக்குப் பட்டியல். பழைய கருவி வைத்திருப்பவருக்கு வால். இருவரையும் எண்ணிப் பார்த்து வைத்த ஏற்பாடு அது.

இந்தத் தொழிலுக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டியவை சில உண்டு.

முதலாவது, தேவையான வகைகளை மட்டுமே வெளியிடுங்கள். வகை கூடக்கூடச் சோதிக்கும் வேலையும் கூடும். வெளியீட்டு வகை ஒன்றே போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வெளியிடுமுன் உங்கள் கணினியிலேயே உள்ள களஞ்சியத்தில் வைத்து, ஒரு சிறு செயலியில் சேர்த்துப் பாருங்கள். ஏனெனில் மேவன் சென்ட்ரலில் ஒரு பதிப்பை வைத்துவிட்டால், பிறகு அதை மாற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது. பிழை கண்டால் புதிய எண்ணோடு புதிய பதிப்புத்தான் வெளியிடலாம். கேட்பதற்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நேற்று ஒருவர் எடுத்த சரக்கும் இன்று மற்றொருவர் எடுக்கும் சரக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும் அல்லவா? அந்த நம்பிக்கைக்காகவே இந்த விதி.

மூன்றாவது, களஞ்சியத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜேசென்டர் என்னும் களஞ்சியம் ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டு எழுதுவோருக்கெல்லாம் பழகிய இடமாக இருந்தது. அதை நடத்திய நிறுவனம் 2021 பிப்ரவரியில் அதை மூடப்போவதாக அறிவித்தது. புதிய பதிப்புகளை அங்கே வைக்க இயலாமற்போயிற்று. அங்கே மட்டும் சரக்கை வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேடவேண்டியதாயிற்று.

நான்காவது, பழைய கைத்தொலைபேசிகளை மறவாதீர்கள். 2019 ஆகஸ்டு முதல், சில்லோடு நேரடியாகப் பேசும் பகுதிகளைக் கொண்ட செயலிகள் 64 பிட் வகையையும் சேர்த்துத் தரவேண்டும் என்று கூகுள் பிளே விதித்தது. சேர்த்துத் தரவேண்டும் என்றதே தவிர, 32 பிட் வகையை நீக்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு நூலகத்தை எழுதுகிறவர் வேலை மிச்சம் என்று 32 பிட் வகையை விட்டுவிட்டால், மலிவான பழைய கைத்தொலைபேசி வைத்திருக்கும் வீட்டில் அந்தச் செயலி இயங்காது. விட்டுவிட உண்மையான காரணம் இருக்கலாம். அப்போது அதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிப்பதே முறை.

நேயர்களே, நம் வீட்டுப் பிள்ளைகள் நாளை இந்த வேலையில் அமரும்போது, அவர்கள் வெளியிடும் ஒரு சிறு நூலகம் எத்தனை செயலிகளுக்குள் போகும், எத்தனை வீடுகளுக்குள் போகும் என்று அவர்களுக்கே தெரியாது. எந்த வகை யாருக்கு என்பதைக் கருவியும் மனிதரும் ஒருங்கே புரிந்துகொள்ளும்படி எழுதிவைப்பது வெறும் தொழில்நுட்பம் அன்று; கண்ணுக்குத் தெரியாத வாங்குபவருக்கு நாம் செய்யும் நேர்மை. கட்டியின் உறையில் தரத்தைச் சரியாகக் குறித்த கைகளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நினைவூட்டினால் போதும்.