சர்க்கரையை மெதுவாக்கும் மாத்திரைகள்



ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே பால்மரம் வெட்டப் போனவர்கள் உங்களில் பலர். அன்று சாப்பிட்ட சோறும் சீனி போட்ட கோப்பியும் உழைப்பில் கரைந்தன. இன்று தாமான் வீட்டில் நடை குறைந்துவிட்டது, சோறு குறையவில்லை. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இந்நோய்க்குத் தரப்படும் மாத்திரைகளில் இரண்டு வகையைப் பற்றி இன்று பேசுவோம்.

நாம் உண்ணும் சோற்றையும் சீனியையும் குடலில் உள்ள நொதிகள் கத்திரிக்கோல் போல வெட்டிக் குளுக்கோஸாக மாற்றுகின்றன. அகார்போஸ் மாத்திரை அந்த வெட்டும் வேலையை மெதுவாக்குகிறது. அதனால் சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று ஏறாது. இதைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு மென்று விழுங்குங்கள். சாப்பிடாத வேளையில் மாத்திரையும் வேண்டாம். தொடக்கத்தில் வயிற்றில் காற்று சேரலாம். நாளடைவில் இது பெரும்பாலும் குறையும்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் இரண்டாவது வகை. சாப்பிட்டவுடன் இன்சுலினைச் சுரக்கச் சொல்லி, குடலிலிருந்து ஒரு ஹார்மோன் கணையத்துக்குப் போகிறது. அதைச் சில நிமிடங்களில் அழித்துவிடும் நொதியை இம்மாத்திரைகள் தடுக்கின்றன. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். வயிற்றில் கடும் வலி வந்து நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இப்போது சொல்வதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். அகார்போஸோடு கிளிக்ளசைட் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவருக்குச் சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். உடனே சீனித் தேநீர் கலக்கித் தருவதுதான் நம் வழக்கம். ஆனால் சீனியை வெட்டும் நொதியைத்தான் அகார்போஸ் தடுத்து வைத்திருக்கிறது. அதனால் சீனி விரைவாக வேலை செய்யாது. குளுக்கோஸ் தூள் 15 கிராம் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

நாட்டு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஒரு சொல். இலங்கையில் கடலழிஞ்சில் மரக்கட்டையில் குடைந்த குவளையில் தண்ணீரை ஊறவைத்துக் குடிப்பார்கள். அச்செடியில் சலசினால் என்ற பொருள் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் அறிவித்தனர். அதுவும் அகார்போஸைப் போலவே குடல் நொதியைத் தடுக்கிறது. அப்படியென்றால், மூலிகையும் மாத்திரையும் சேரும்போது ஒரே வேலை இரண்டு மடங்காகலாம். மூலிகை சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் மூலிகைப் பொட்டலங்களையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். “இதில் அகார்போஸ் இருக்கிறதா?” என்று மருந்தாளரிடம் கேளுங்கள். இருந்தால், ஒரு பொட்டலம் குளுக்கோஸ் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.