பின்னால் ஒட்டும் சின்னச் சொல்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



"எங்களுக்கு இங்கிலீஷ் வராது"ன்னு நாம எல்லாருமே சொல்றோம். ஆனா தினமும் மோட்டாரை ஸ்விட்ச் ஆன் பண்றோம், போனை ஸ்விட்ச் ஆஃப் பண்றோம், வங்கியில் படிவத்தை ஃபில் அப் பண்றோம். இதெல்லாம் இங்கிலீஷ்தானே! ஒரு வினைச்சொல், அதன் பின்னால் ஆன், ஆஃப், அப், ஆஃப்டர் என்று ஒரு சின்னச் சொல். இரண்டும் சேர்ந்தால் பொருளே மாறிவிடும்.

நம் தமிழிலும் இது உண்டு. 'பிள்ளையைப் பார்' என்பது வேறு, 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்பது வேறு. அதுபோலத்தான் லுக் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். லுக் ஃபார் என்றால் தேடு. லுக் இன்டு என்றால் விசாரி. மனு கொடுக்கும்போது "ஐ வில் லுக் இன்டு இட்" என்று அதிகாரி சொன்னால், விசாரிக்கிறேன் என்றுதான் அர்த்தம். வேலை முடிந்ததாக நினைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது.

"மீட்டிங் இஸ் புட் ஆஃப்" என்றால் கூட்டம் தள்ளிவைப்பு. இன்னொரு நாள் நடக்கும். "மீட்டிங் இஸ் கால்டு ஆஃப்" என்றால் கூட்டம் ரத்து.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கடன் பேச்சில் இரண்டு சொற்கள் வரும். "வி பெய்ட் ஆஃப் த லோன்" என்றால் கடனை முழுசா கட்டி முடித்தோம். "த பேங்க் ரோட் ஆஃப் த லோன்" என்றால், வசூலாகாத கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் கழித்து எழுதிவிட்டது. ரைட் ஆஃப் என்றதும் தள்ளுபடின்னு சந்தோஷப்படக் கூடாது, சகோதரிகளே! தள்ளுபடி வேறு, அதற்குச் சொல் வெய்வர். ரைட் ஆஃப் ஆன பிறகும் நாம் கட்ட வேண்டிய பொறுப்பு தீராது. வங்கி கேட்கலாம், வசூலிக்கலாம். கடன் தகவல் அறிக்கையிலும் அது பதிவாகும். அடுத்த கடன் கிடைப்பது சிரமமாகும்.

பேசும்போது ஒன்றை நினைவில் வைப்போம். ஸ்விட்ச் ஆஃப், ஃபில் அப் போன்ற சொற்களில் 'அதை' என்பதற்கு உள்ள 'இட்' நடுவில் வரும். "ஸ்விட்ச் இட் ஆஃப்", "ஃபில் இட் அப்" என்பதே சரி.

வாரத்துக்கு இரண்டு சொல் போதும். குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிப் பழகுவோம். வங்கியில் புரியாத சொல் வந்தால், "தமிழில் சொல்லுங்க சார்"னு தயங்காமல் கேட்போம். அர்த்தம் தெரிந்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.